தூக்கத்தில் எண்ணிய முப்பத்தேழு

நான் இதுவரை எந்த மனிதரையும் கை நீட்டி அடித்ததில்லை. இதை நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன். (அந்தக் கையைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. அது நெஞ்சிலேயே இருப்பது எல்லோருக்கும் நல்லது.) ஆனால் இரண்டு வருடங்களுக்கு முன், மழை விடாமல் பெய்த ஒரு புதன்கிழமைப் பகலில், இரண்டே நிமிடத்தில் முப்பத்தாறு அறை அறைந்தேன். அப்போது எனக்கு வயது எழுபத்தொன்று. இளமை வேகம் என்று சொல்லித் தப்பிக்க முடியாத வயது. தூங்கிவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். சொன்னேன். யாரும் நம்பவில்லை.

முதலில் என் கையின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் காயலை ஒட்டிய ஒரு சரக்குக் கிடங்கில் நான் முப்பத்தெட்டு வருடம் சுக்கு மூட்டை எண்ணினேன். பி.காம். படித்தவன் மூட்டை எண்ணுவதா என்று என் அப்பா வருத்தப்பட்டார். படிக்காதவன் எண்ணினால் தப்பு வரும் என்று முதலாளி சமாதானம் சொன்னார். வாசலில் எனக்கு ஒரு முக்காலி. சுமப்பவர்கள் வள்ளத்திலிருந்து பலகை வழியாக வரிசையாக ஏறி வருவார்கள். ஒவ்வொரு மூட்டையும் என்னைத் தாண்டும்போது அதன் வயிற்றில் நான்கு விரலால் ஓர் அறை, வாயில் ஓர் எண். கோபமெல்லாம் இல்லை. சத்தத்தை வைத்தே மூட்டை நிறைவா குறைவா, சுக்கு காய்ந்ததா நமுத்ததா என்று சொல்லிவிடலாம். இடது கையில் சாக்பீஸ். ஐந்து மூட்டைக்கு ஒரு கட்டாகக் கோடு போட்டுக்கொண்டே போவேன்.

முதல் மூட்டைக்கு மட்டும் தனி மரியாதை. அதை ‘ஒன்று’ என்று எண்ணக் கூடாது, ‘லாபம்’ என்றுதான் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் நெல் அளப்பவர்கள் மரக்காலை எண்ணுவது போல. எங்கள் கிடங்கில் அதோடு இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. லாபத்தை அறையக் கூடாது. விரல் நுனியால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். லாபம், இரண்டு, மூன்று, நான்கு. முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட நான் ‘ஒன்று’ என்று ஆரம்பித்ததில்லை. இதை வாசகர்கள் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும். என் மானம் கப்பலேறியது இதனால்தான்.

ஓய்வு பெற்ற பிறகு எண்ண மூட்டை இல்லை. ஆகவே மற்றவற்றை எண்ணினேன். வீட்டிலிருந்து படகுத்துறைக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு அடி. மாடிப்படி பதினேழு. பர்வதம் தோசை ஊற்றும்போது விடுகிற பெருமூச்சு, தோசைக்கு ஒன்று. (பர்வதம் என் மனைவி. நாற்பத்தாறு வருடமாக.)

“ஏங்க, நீங்க வீட்ல இருந்தா எனக்கு மூச்சு விடவே பயமா இருக்கு,” என்றாள் ஒருநாள். மறுவாரமே எங்கள் பக்கத்துக் கலைக்கூடத்தில் மண் வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

அந்தக் கலைக்கூடம் வேறெதுவும் இல்லை, என் பழைய கிடங்கேதான். முதலாளி குடும்பம் கைமாற்றி, யாரோ வாங்கி, வெள்ளையடித்து, ஊர்க்காரர்கள் யார் வேண்டுமானாலும் வந்து கையால் ஏதாவது செய்யலாம் என்று திறந்து வைத்துவிட்டார்கள். மிளகு இருந்த இடத்தில் பாட்டும் செண்டை மேளமும். அரிசி இருந்த இடத்தில் ஓவியம். சுக்கு இருந்த இடத்தில் மண். என் முக்காலி இருந்த வாசலில் ஒரு செருப்பு அலமாரி.

பர்வதத்துக்குத் துணையாக நானும் போனேன். பாட்டு வகுப்பில் தாளத்தை உரக்க எண்ணினேன் என்று இரண்டாம் நாளே கும்பிட்டு அனுப்பினார்கள். ஓவிய வகுப்பில் தென்னை மரத்துக்கு எத்தனை ஓலை என்று கேட்டேன். பத்து தடவை கேட்டேன் என்கிறார்கள். நான்கு தடவைதான். கடைசியில் மண் வகுப்பில் ஒரு சாம்பல் கிண்ணம் செய்தேன். வீட்டில் யாரும் புகைப்பதில்லை. அது தானாகவே அன்று மாலை சரிந்து உட்கார்ந்துவிட்டது.

ஆனால் பர்வதம் வேறு மாதிரி. அவள் ஒரு ஊறுகாய் ஜாடி செய்ய ஆரம்பித்தாள். வட்ட வயிறு, குறுகின கழுத்து, தலையில் மூடி. ஏழு சனிக்கிழமை அதே ஜாடி. மண்ணைத் திரி திரியாக உருட்டி, ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றி, விரலால் இழுத்து மெழுகி. நான் ஒரு நூலை எடுத்து வயிற்றைச் சுற்றி அளந்து பார்த்தேன். எந்தப் பக்கமும் அரை விரல்கூட ஏறி இறங்கவில்லை.

“கோமதி வந்து பார்க்கட்டும்,” என்றாள். சிரிக்காமல் சொன்னாள்.

கோமதி அவளுடைய அக்கா. ஆலுவாவில் இருக்கிறாள். பர்வதம் ஏழு வயதில் போட்ட கோலத்தைப் பார்த்து, “உன் கைக்கு எதுவும் நேரா வராதுடி,” என்று சொன்னவள். சொல்லிவிட்டு மறந்திருந்தால் பரவாயில்லை. பர்வதத்தின் கல்யாணத்தில் சொன்னாள், எங்கள் மகன் பிறந்தபோது தொட்டிலைப் பார்த்துச் சொன்னாள், அதற்கு முந்தின வருடம் சப்பாத்தியைப் பார்த்தும் சொன்னாள். அறுபத்தொரு வருடம். வகுப்பு முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருடைய வேலைகளையும் காட்சிக்கு வைப்பதாக இருந்தது. பர்வதம் கோமதிக்கு மூன்று முறை போன் செய்து அழைத்தாள். அவள் தானாகக் கோமதிக்குப் போன் செய்து நான் பார்த்ததே இல்லை.

காட்சிக்குப் பதினொரு நாள் இருக்கும்போது அந்தப் புதன்கிழமை வந்தது.

மழைக்காலத்தில் மண் காய்வது லேசில்லை. மூன்று தட்டு அலமாரியில் முப்பத்தேழு உருப்படிகள், பாதி காய்ந்த பதத்தில், அதிரசம் மாதிரி, மேலே கெட்டியாகவும் உள்ளே இளகியும் இருந்தன. காற்றுப் படட்டும் என்று மூடியிருந்த பிளாஸ்டிக் தாளை ஸ்மிதா டீச்சர் எடுத்துவிட்டாள். எடுத்தால் பூனை ஏறும். மேனேஜர் என்று அதற்குப் பெயர், முழுக் கறுப்பு.

“அங்கிள், ஞான் சோறு உண்டுட்டு வரேன். மேனேஜர் ஏறாம பார்த்துக்கணும் கேட்டோ. வேற ஒண்ணும் செய்ய வேண்டா. ஒண்ணும்,” என்றாள். கடைசிச் சொல்லைத் திருப்பி அழுத்திச் சொன்னாள். (சாம்பல் கிண்ணத்துக்குப் பிறகு என்னிடம் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள்.)

நான் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன்.

கூரையில் ஓடுகளுக்கு நடுவே ஆறு கண்ணாடி ஓடுகள். அவற்றின் வழியாக மழை வெளிச்சம் கஞ்சித் தண்ணீர் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனை வெள்ளையடித்தாலும் மழை பெய்தால் அந்தச் சுவர்கள் சுக்கு வாசனை விடும். முதலில் மூக்குக்கு மட்டும் தெரியும். பிறகு தொண்டையில் இறங்கும். பிறகு நாம் எந்த வருடத்தில் இருக்கிறோம் என்பது கொஞ்சம் தளர்ந்துவிடும். மேனேஜர் என் காலடியில் வந்து சுருண்டு படுத்தது. பக்கத்துக் கூடத்தில் செண்டை வகுப்பு. புதியவர்களுக்கு உடனே செண்டையைக் கொடுக்கமாட்டார்கள். கருங்கல்லில் புளியங்கோலால் தட்டித்தான் பழக வேண்டும். டக். டக். டக். டக். பத்துப் பேர் ஒன்றாகத் தட்டுவது பத்துப் பேர் பலகையில் ஏறி வருவது போலவே இருந்தது.

உண்மையிலேயே சரக்கு வந்துவிட்டது.

காயல் கிடங்குக்குள் வந்திருந்தது. யாருக்கும் அதில் வியப்பில்லை. தண்ணீர் முழங்கால் உயரத்தில் அசையாமல் நின்றது. அதன் மேல் ஆறு வெளிச்சச் சதுரங்கள் மிதந்தன. வள்ளம் சத்தமில்லாமல் சுவரோரம் ஒட்டி நின்றது. சுமப்பவர்களைக் காணவில்லை. மூட்டைகள் தாங்களாகவே, கனமே இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றன. சின்ன மூட்டை, பெரிய மூட்டை, மூக்கு வைத்த மூட்டை, தும்பிக்கை வைத்த மூட்டை. முதலாளி எங்கோ உட்கார்ந்து எல்லாவற்றையும் சம்மதித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சொல்ல முடியாத நிம்மதி. எத்தனை நாளாயிற்று, எண்ண இத்தனை ஒழுங்காக ஒன்று வரிசையில் வந்து!

முதல் மூட்டை ஜன்னலோரம் நின்றது. விரல் நுனியால் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன்.

“லாபம்.”

குளிர்ச்சியாக இருந்தது. மழைத்தண்ணீர் இறங்கிவிட்டதோ என்று ஒரு சந்தேகம். இரண்டாவதை அறைந்தேன். ‘ப்ளத்’ என்றது. காய்ந்த சுக்கு அப்படிச் சொல்லாது. மூன்று. ப்ளத். நான்கு. ப்ளத். ஐயோ, சரக்கு முழுக்க நமுத்திருக்கிறதே! கவலை வந்துவிட்டது. சரியாகத் தெரிந்துகொள்ள இன்னும் கொஞ்சம் அழுத்தி அறைந்தேன். பதினைந்தாவது மூட்டையில் பக்கத்துக் கூடத்து ஆசான் இரண்டாம் காலத்துக்குப் போனார். டக்டக், டக்டக். நானும் போனேன். என் கைக்கு முப்பது வயது. தண்ணீரில் நடந்து, வெளிச்சத்தைத் தாண்டி, அறைந்து, எண்ணி, கோடு போட்டு...

“முப்பத்தேழு!”

சொன்ன சத்தத்தில் விழித்தேன். நான் முக்காலியில் இல்லை. அலமாரியின் கடைசி முனையில் நின்றுகொண்டிருந்தேன். வலது கையில் மணிக்கட்டு வரை மண். இடது கையில் சாக்பீஸ். (பேனா இல்லாமல் வெளியே போவேன், சாக்பீஸ் இல்லாமல் போகமாட்டேன்.) அலமாரிப் பலகையின் விளிம்பில் ஐந்தைந்தாக ஏழு கட்டுக் கோடுகள், மேலே இரண்டு. கணக்கு மிகச் சரி. மேனேஜர் முக்காலியடியில் அப்படியே தூங்கிக்கொண்டிருந்தது. அன்று அந்த அறையில் ஒழுக்கமாக நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

பார்த்தேன். பூச்சாடி, விளக்கு, கூஜா, எல்லாவற்றின் வயிற்றிலும் நான்கு விரல் பள்ளம். பர்வதத்தின் தோழி ஜமீலா செய்த சாயா கெட்டில், கன்னத்தில் அடி வாங்கின பிள்ளை மாதிரி மூக்கைத் திருப்பிக்கொண்டு நின்றது. ஆன்டணி சேட்டனின் யானை சுவரைப் பார்த்து நின்றதால் அதற்கு மட்டும் பள்ளம் பின்புறத்தில். ஒரு மூடி இரண்டாக உடைந்திருந்தது. மூடியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஸ்மிதா டீச்சர் வந்தாள். பின்னாலேயே பர்வதம், ஜமீலா, இன்னும் நாலைந்து பேர்.

“அய்யோ! அங்கிள், எந்தா இது?”

இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. படித்தவன், பேரன் பேத்தி எடுத்தவன், நான் சொன்னது இதுதான்: “பூனை.”

எல்லோரும் பூனையைப் பார்த்தார்கள். அது ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. பர்வதம் வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்களைக் கொண்டுபோய் கெட்டிலின் பள்ளத்தில் வைத்தாள். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தியது.

பிறகு நடந்ததுதான் பெரிய விபரீதம். எல்லோரும் தத்தம் உருப்படியைத் தேடி எடுத்து ஐயோ ஐயோ என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, ஜமீலா ஜன்னலோரம் போய் நின்றாள். ஜமீலா எங்கள் தெருவில் நான்காவது வீடு. பர்வதத்துக்கு அவளைப் போல நெருக்கம் வேறு யாரும் இல்லை.

“ஆனா பர்வதக்கா ஜாடி மட்டும் நல்லா இருக்கு,” என்றாள் மெதுவாக. “பூனைக்கு அக்கா ஜாடி மட்டும் பிடிக்கல போல.”

எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். முப்பத்தேழில் முப்பத்தாறு நசுங்கியிருக்க, ஒன்று மட்டும் முட்டை போல நிற்கிறது. அது யாருடையது? அறைந்தவனின் மனைவியுடையது. அதை ஜன்னலோரம் முதலில் வைக்கச் சொன்னது யார்? அதே ஆள்.

நான் லாபத்தை விளக்கினேன். தொட்டுக் கண்ணில் ஒற்றுவது வரைக்கும் செய்து காட்டினேன். கண்ணில் மண் விழுந்ததுதான் மிச்சம்.

“தூக்கத்துலகூட ஆளு பார்த்துத்தான் அடிக்கிறார் மாமா,” என்றாள் ஜமீலா.

ஸ்மிதா ஒரு பூச்சாடிக்குள் இரண்டு விரலை விட்டுப் பள்ளத்தை உள்ளிருந்து தள்ளிப் பார்த்தாள். ‘கிறிச்’ என்றது. உடனே கையை எடுத்துவிட்டாள். புதிதாகச் செய்யவும் வழியில்லை, இந்த மழையில் காய்வதற்கே பத்து நாள் வேண்டும். “சாரமில்ல. இப்படியே சூளையில வெக்கலாம்,” என்றாள். சாரமில்லை, அதாவது பரவாயில்லை, என்பவளின் முகத்தில் சாரம் நிறைய இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் பர்வதம் வாய் திறக்கவில்லை. வழக்கமாக நாற்பது அடிக்கு ஒரு தரமாவது ஏதாவது சொல்வாள். சாயங்காலம் ஜமீலா வீட்டுப் பக்கத்திலிருந்து எப்போதும் வரும் “அக்கா, சாயா குடிச்சாச்சா?” வரவில்லை. பர்வதம் ஜன்னலருகே அந்த நேரத்துக்கு இரண்டு முறை வந்து நின்றதை நான் எண்ணாமலே பார்த்தேன்.

“ஜாடி தப்பிச்சுதே, அதுவே போதும்னு நினைச்சுக்கோ,” என்றேன். ஆறுதல் சொல்வதாக நினைப்பு.

“கோமதி வருவா. என் ஜாடியப் பார்ப்பா. நேராத்தான் இருக்கும்,” என்றாள். “சுத்தி இருக்கிற முப்பத்தாறு பேரு என் முகத்தப் பார்ப்பாங்க. அதுக்கு நான் எங்கங்க போவேன்?”

மறுநாள் காலையில் சேலை கட்டித் தயாராக நின்றாள். “கிளம்புங்க.”

கலைக்கூடம் அப்போதுதான் திறந்திருந்தது. மழை விட்டு, கூரைக் கண்ணாடிகள் சொட்டிக்கொண்டிருந்தன. ஸ்மிதா இருந்தாள். ஜமீலாவும் தன் கெட்டிலின் மூக்கை நிமிர்த்திக்கொண்டு இருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. பர்வதம் தன் ஜாடியை எடுத்து நடுமேஜையில் வைத்தாள். ஈரத் துணியால் வயிற்றை ஒற்றி ஒற்றிக் கொஞ்சம் இளக்கினாள்.

“தட்டுங்க,” என்றாள்.

“எதை?”

“நேத்து முப்பத்தாறு தட்டினீங்கல்ல? அதே மாதிரி இதையும்.”

“பர்வதம், கோமதி...”

“அவ கெடக்கா. தட்டுங்க.”

ஜமீலாவின் கை நின்றுவிட்டது. “அக்கா, வேண்டாம் அக்கா,” என்றாள்.

நான் கையை ஓங்கினேன். இறங்கவில்லை. ஏழு சனிக்கிழமை. அவள் விரல் ரேகை வரிவரியாக மண்ணில் தெரிந்தது. மறுபடி ஓங்கினேன். தூக்கத்தில் இரண்டாம் காலத்தில் ஓடிய கை, விழித்திருக்கும்போது காற்றில் தொங்கியது. பழக்கம் வந்து காப்பாற்றும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். வாய் தானாக “லா...” என்று ஆரம்பித்தது. விரல் நுனி தொட்டுக் கண்ணுக்குப் போகப் பார்த்தது.

பர்வதம் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“லாபம்னு சொல்லாதீங்க. ஒண்ணுன்னு சொல்லித் தட்டுங்க.”

எழுபத்தொரு வயதில், முதன்முறையாக, “ஒன்று” என்றேன். தட்டினேன்.

பதற்றத்தில் கட்டைவிரலும் சேர்ந்து விழுந்துவிட்டது. ஜாடி ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து, யோசித்து, நின்றது. கூரை சொட்டுவது மட்டும் கேட்டது. ஏழு சொட்டு. பிறகு ஜமீலாதான் முதலில் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அக்கா, சாயா குடிச்சாச்சா?” என்றாள்.

காட்சி நாளில் கோமதி பச்சைப் பட்டில் ஆலுவாவிலிருந்து வந்து இறங்கினாள். அலமாரியைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். சூளையில் வெந்து, மெருகேறி, செங்காவி நிறத்தில் முப்பத்தேழு உருப்படிகள், ஒவ்வொன்றிலும் என் கை.

“இது என்னம்மா டிசைன்?” என்று ஜமீலாவைக் கேட்டாள்.

“மட்டாஞ்சேரித் தட்டு,” என்றாள் ஜமீலா, இமைக்காமல். “ஈர மண்ணுல ஒரே தட்டு. ரொம்பக் கஷ்டமான வேலை. இந்த ஊர்ல ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும்.”

கோமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “பரவாயில்லையே மாப்பிள்ளை!” வாழ்க்கையில் அவள் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். பிறகு பர்வதத்தின் ஜாடி முன்னால் போய் நின்றாள். குனிந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். விரல் வைத்து எண்ணினாள். (எண்ணுகிற வியாதி அந்தக் குடும்பத்திலும் இருக்கிறது.)

“எல்லாத்துலயும் நாலு விரல். உன்னுதுல மட்டும் அஞ்சு,” என்றாள். “நான் அப்பவே சொன்னேன்ல பர்வதம், உன் கைக்கு எதுவும் நேரா வராதுன்னு.”

பர்வதம் என்னைப் பார்த்தாள். ஜமீலாவைப் பார்த்தாள். அப்புறம் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் செண்டைக்காரர்கள் கோலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். கோமதிக்கு இன்றுவரை காரணம் தெரியாது.

இப்போது நான் எதை எண்ண ஆரம்பித்தாலும், கடையில் தேங்காயானாலும் பந்தியில் இலையானாலும், வீட்டில் எல்லோரும் ஒரே குரலில், “கை பின்னால!” என்கிறார்கள். ஏலூரிலிருந்து மகன் போன் செய்தால் நலம் விசாரிப்பதற்கு முன் “அப்பா, கை எங்க இருக்கு?” என்றுதான் கேட்கிறான். தெருவில் நான்கைந்து வீட்டுக்குப் போனால் கூஜாவில் பதிந்த என் கையே எனக்குத் தண்ணீர் ஊற்றித் தருகிறது.

ஜாடி எங்கள் சமையலறைத் தட்டில் மாவடுவோடு இருக்கிறது. பர்வதம் என்னோடு சமாதானமாக இருக்கும் நாளில் ஐந்து விரல் பள்ளம் வெளிப்பக்கம் பார்க்கும். கோபமாக இருந்தால் சுவர்ப்பக்கம். காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். இந்த மாதம் இதுவரை சுவர்ப்பக்கம் ஒன்பது நாள். இன்றும் சுவர்ப்பக்கம்தான். இந்தக் கட்டுரையை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.